மாடித் தொட்டிக்குக் காந்த மிதவை சென்சார்: வாங்கலாம், வயரிங்கை மட்டும் கவனியுங்கள்

உப்புத் தண்ணீர் போர் இருக்கிற வீட்டுக்கு வாட்டர் லெவல் கன்ட்ரோலர் வாங்கப் போகிறீர்கள் என்றால், தண்ணீருக்குள் கம்பி தொங்கவிடுகிற வகையை விட்டுவிட்டு காந்த மிதவை வகையை வாங்குங்கள். என் ரிவ்யூ இவ்வளவுதான், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம். மிச்சம் எல்லாம் ஏன், எப்படி, எங்கே கை வைக்கக் கூடாது என்பதுதான், அது கொஞ்சம் நீளம்.

எங்கள் வீடு சென்னைப் புறநகர். கீழே சம்ப், மாடியில் 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, நடுவில் 1 எச்.பி. மோனோபிளாக் மோட்டார். சம்ப்புக்கு மெட்ரோ தண்ணீரும் வரும், அது வராத நாளில் போர் தண்ணீரும் வரும், இரண்டும் கலந்த ஒரு தண்ணீர்தான் எப்போதும் மேலே ஏறும். நான் வாங்கியது கோவைத் தயாரிப்பான ஒரு செட். மாடித் தொட்டிக்கு ஒரு நீளமான தண்டு, அதில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு மிதவைகள். சம்ப்புக்கு ஒற்றை மிதவை வைத்த குட்டைத் தண்டு ஒன்று. மோட்டார் பக்கத்தில் மாட்ட ஒரு கன்ட்ரோலர் பெட்டி. பெயர் சொல்லவில்லை, ஏனென்றால் குறையும் நிறையச் சொல்லப் போகிறேன், தவிர இதே சாமான் நாலைந்து பெயரில் வெவ்வேறு ஸ்டிக்கரோடு வருகிறது.

முன்பு இருந்தது கம்பி வகை. நீளம் வேறுபட்ட மூன்று ஸ்டீல் கம்பிகள் தண்ணீருக்குள் தொங்கும், தண்ணீர் தொட்டவுடன் அதன் வழியாகவே கொஞ்சம் மின்சாரம் பாயும், கன்ட்ரோலர் அதை வைத்து மட்டத்தைத் தெரிந்துகொள்ளும். கேட்க எளிமையாக இருக்கிறது, நல்ல தண்ணீரில் ஓடவும் செய்யும். ஆனால் விலை குறைந்த பெட்டிகள் இந்தக் கம்பிகளுக்கு நேர்மின்சாரம் (டி.சி.) கொடுக்கின்றன, அப்போது தொட்டிக்குள் சின்னதாக ஒரு மின்பகுப்பே நடக்கிறது, ஒரு கம்பி அரிக்கிறது, இன்னொன்றில் வெள்ளையாக உப்புப் படிகிறது. படிந்த உப்பு காய்ந்தால் மின்சாரம் கடக்காது, தொட்டி நிரம்பினாலும் கம்பிக்குத் தெரியாது. நேர்மாறாக, கம்பிகள் மாட்டியிருக்கிற பிளாஸ்டிக் ஈரமாகிவிட்டால் பாதித் தொட்டியிலேயே 'நிறைந்துவிட்டது' என்று சொல்லும். நல்ல கம்பெனிகள் மாறுமின்சாரம் (ஏ.சி.) கொடுத்து அரிப்பைக் குறைக்கிறார்கள், உப்புப் படிவதை அவர்களாலும் நிறுத்த முடியாது.

மிதவை வகையில் மின்சாரம் தண்ணீரைத் தொடுவதே இல்லை, அதுதான் வித்தியாசம். மிதவைக்குள் வளையமாக ஒரு காந்தம். தண்டு உள்ளே குழல், அதற்குள் ரீட் சுவிட்ச். ரீட் என்பது சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்று நீளமான கண்ணாடிக் குழாய். அதற்குள் நிக்கல்-இரும்புக் கலவையில் செய்த இரண்டு மெல்லிய தகடுகள், ஒன்றின் நுனி இன்னொன்றின் நுனி மேல் லேசாகப் படர்ந்து, நடுவில் மயிரிழை இடைவெளியோடு நிற்கும். உள்ளே காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன் மாதிரி வாயு அடைத்து இரண்டு பக்கமும் உருக்கி மூடியிருப்பார்கள், சிலவற்றில் வெற்றிடமே இருக்கும். காந்தம் பக்கத்தில் வந்தால் இரண்டு தகடும் தாங்களே காந்தமாகிவிடுகின்றன, ஒன்றின் நுனி வடதுருவம், எதிரில் இருப்பதன் நுனி தென்துருவம், ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும், சுற்று மூடும். காந்தம் விலகினால் தகட்டின் சொந்த விறைப்பே பிரித்துவிடும். வேறு ஸ்பிரிங் இல்லை, பின் இல்லை, கீல் இல்லை. இது முழுக்க ஒரு மில்லி வினாடிக்கும் குறைவில் நடந்து முடிந்துவிடும். முக்கியமாக, தன் நிலையைக் காட்ட இதற்குத் தனியாக மின்சாரம் வேண்டாம், அதனால்தான் பேட்டரியில் ஓடுகிற கதவு அலாரம், மழைமானி எல்லாவற்றிலும் இதுவே உட்கார்ந்திருக்கிறது. பல கார்களில் பிரேக் ஆயில் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிவதும் இதே மிதவை, காந்தம், ரீட் ஏற்பாட்டால்தான்.

இது தொட்டிக்காகக் கண்டுபிடித்ததே இல்லை. 1936ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் வால்டர் எல்வுட் என்பவர் செய்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆயிரக்கணக்கான ரிலே காண்டாக்ட்கள், தூசி படிந்தால் போச்சு. காண்டாக்டையே கண்ணாடிக்குள் வைத்து மூடிவிட்டால் தூசியும் இல்லை, துருவும் இல்லை. 1965ல் நியூ ஜெர்சியில் பெல் நிறுவனம் திறந்த முதல் பெரிய எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சிலும் பேச்சுப் பாதையை இணைத்தது ரீட் வகை சுவிட்ச்சுகள்தான். தூசிக்குப் பயந்து மூடிய கண்ணாடி நம் ஊர் உப்புத் தண்ணீருக்கும் பொருந்திப்போனது.

சரி, இப்போது சாமானுக்கு வருகிறேன்.

மாடித் தண்டில் இரண்டு மிதவை கொடுத்திருப்பது நல்ல விஷயம். கடையில் ஒரே மிதவை முழுத் தண்டிலும் மேலும் கீழும் ஓடுகிற மாதிரியும் கிடைக்கும், விலை கொஞ்சம் குறைவு, தண்டுக்குள் கால், அரை, முக்கால் என்று நாலைந்து ரீட் வைத்து அத்தனைக்கும் விளக்கு எரிய வைப்பார்கள். பார்க்க அழகு. ஆனால் மிதவை ஒரு ரீடைக் கடக்கிற நேரம் மட்டும்தான் அந்த ரீட் மூடும், கடந்துபோனதும் திறந்துவிடும், மட்டம் எங்கே என்பதை கன்ட்ரோலர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். கரண்ட் போய் வந்தால் அந்த நினைவு போய்விடுகிற பெட்டிகள் உண்டு, அப்போது எந்த விளக்கை எரிப்பது என்று அதற்கே தெரியாது. நமக்குக் கரண்ட் போவது ஒன்றும் அபூர்வமில்லையே. மட்டத்துக்கு ஒரு மிதவை என்று இருந்தால், ஒவ்வொரு மிதவைக்கும் மேலேயும் கீழேயும் ஒரு சர்க்ளிப், அதாவது தண்டைக் கவ்விப் பிடிக்கிற வளையக் கிளிப், போட்டு அதன் ஓட்டத்தைச் சில சென்டிமீட்டருக்குள் அடக்கியிருப்பார்கள், தண்ணீர் அதற்கு மேலே எவ்வளவு ஏறினாலும் மிதவை அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும், ரீடும் அதே நிலையில் இருக்கும்.

அந்தச் சர்க்ளிப் அலங்காரத்துக்கு இல்லை. வளையக் காந்தம் ரீடை உரசிக்கொண்டு இணையாக நகர்ந்தால், நேர் நடுவில் மட்டுமல்லாமல் இரண்டு ஓரத்திலும்கூட ரீட் மூடுகிற இடங்கள் வரும், ஒரே ஓட்டத்தில் மூன்று முறை மூடித் திறக்கவும் வாய்ப்பு உண்டு. மிதவை எங்கே நின்றால் ஒரே மாதிரி பதில் வருமோ அங்கே நிறுத்தத்தான் கிளிப். அது நழுவினால் மிதவை ரீடைத் தாண்டிப் போய் நிற்கும், தொட்டி விளிம்பு வரை தண்ணீர் இருந்தும் பெட்டிக்கு 'இன்னும் நிரம்பவில்லை' என்றே சொல்லும். எனக்கு வந்த செட்டில் மேல் மிதவையின் கிளிப் லொடலொடவென்று இருந்தது. விரலால் தள்ளினால் நகர்ந்தது. இந்த விலைக்கு அது சகிக்க முடியாத குறை. தண்டில் அதற்கென்று பள்ளம் வெட்டியிருக்க வேண்டும், வெட்டாமல் வெறும் இறுக்கத்தை நம்பியிருக்கிறார்கள். ஹார்டுவேர் கடையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளிப் வாங்கி மாற்றினேன்.

இன்னொன்று, ஒரே ஒரு ரீடை வைத்து மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் முடியாது. மூடுகிற இடத்துக்கும் திறக்கிற இடத்துக்கும் நடுவே வித்தியாசம் இருக்கும்தான், ஒட்டிய தகடு பிரிய காந்தம் சற்று அதிகமாகவே விலக வேண்டும், ஆனால் அந்த வித்தியாசம் மிதவையில் சில மில்லிமீட்டர்தான். இரண்டு குவளை தண்ணீர் எடுத்தாலே மோட்டார் கிளம்பும், நிற்கும், மறுபடி கிளம்பும். அதனால்தான் கீழே ஒன்று 'ஓடு' சொல்ல, மேலே ஒன்று 'நில்' சொல்ல.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். பெட்டியில் வந்தபடி மாட்டினால், மேல் ரீட் தொட்டி நிரம்பும்போது மூடுகிறது. அதாவது சுற்று மூடினால் மோட்டார் நிற்கும். யோசித்துப் பாருங்கள், மாடியிலிருந்து கீழே வருகிற வயர் அறுந்துபோனால்? சுற்று எப்போதுமே மூடாது, பெட்டி 'இன்னும் நிரம்பவில்லை' என்றே நினைத்துக்கொண்டிருக்கும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் தெருவில் ஓடும். வயர் அறுவது கற்பனை இல்லை, மாடியில் அணில் இருக்கிற எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். இதைத் தலைகீழாக வைக்க வேண்டும். நிரம்பாத வரை மூடியிருந்து, நிரம்பும்போது திறக்க வேண்டும். அப்படி இருந்தால் வயர் அறுந்தாலும், ஜாயின்ட் விட்டாலும், கனெக்டர் பச்சை பிடித்தாலும் பெட்டிக்கு அது 'நிரம்பிவிட்டது' என்றுதான் தெரியும், மோட்டார் நின்றுவிடும். தண்ணீர் வராமல் போனால் வீட்டில் யாராவது சத்தம் போடுவார்கள், போய்ப் பார்த்துச் சரிசெய்யலாம்.

இதற்குப் புது சாமான் எதுவும் தேவையில்லை. பெரும்பாலான மிதவைகளில் காந்தம் நட்டநடுவில் இருக்காது, ஒரு ஓரமாக ஒதுங்கியிருக்கும். கிளிப்பைக் கழற்றி, மிதவையை உருவி, தலைகீழாகத் திருப்பி மாட்டினால் போதும், மூடுகிற இடத்தில் திறக்கும், திறக்கிற இடத்தில் மூடும். பெட்டியும் இந்த மாற்றத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். என்னுடையதில் உள்ளே அதற்கென்று ஒரு ஜம்பர், அதாவது இடம் மாற்றிச் செருகுகிற குட்டி இணைப்பு, இருக்கிறது, ஆனால் கூட வந்த தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரு பக்கம் முழுக்க உத்தரவாத நிபந்தனை அச்சடிக்க இடம் இருந்திருக்கிறது. எல்லாப் பெட்டியிலும் ஜம்பர் இருக்காது, கேட்டு வாங்குங்கள். சம்ப் மிதவையை அவர்களே சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்: தண்ணீர் இருந்தால் மூடியிருக்கும், வற்றினால் திறக்கும், மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடி சீல் எரியாமல் தப்பிக்கும்.

அடுத்தது, எலக்ட்ரீஷியன் அண்ணன்களோடு எனக்கு இருக்கிற நிரந்தரச் சண்டை. "எதுக்கு சார் இவ்ளோ பெரிய பெட்டி, இந்த சுவிட்ச்சையே மோட்டார் லைன்ல போட்டுடலாமே" என்பார்கள். போடக் கூடாது. இந்தத் தண்டுகளில் வருகிற சாதாரண ரீட் 10 வாட், அரை ஆம்பியர் அளவில் தாங்கும், அவ்வளவுதான். 1 எச்.பி. மோட்டார் ஓடும்போதே 5 முதல் 7 ஆம்பியர் இழுக்கும், கிளம்புகிற நொடியில் அதைப்போலப் பல மடங்கு. தகட்டின் நுனியில் ரோடியமோ ருத்தேனியமோ பூசியிருப்பார்கள், அந்தப் பூச்சின் கனம் கண்ணுக்கே தெரியாது. முதல் தடவையிலேயே நுனிகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் காந்தம் வந்தாலும் போனாலும் அது மூடியேதான் இருக்கும், மிதவையைத் திருப்பி வைத்ததற்கும் அர்த்தம் இல்லாமல் போய்விடும். 'சரி, மோட்டார் வேண்டாம், மோட்டாரை ஓட்டி நிறுத்துகிற பெரிய காந்த சுவிட்ச்சான காண்டாக்டரின் காயிலை மட்டும் இதில் போடலாமே' என்றால் அதுவும் ஆபத்துதான், காயில் இழுத்துப் பிடிக்கிற நொடியில் கேட்கிற மின்சாரம் பிடித்து வைக்கக் கேட்பதைப்போலப் பல மடங்கு, விடுகிற நொடியில் காயிலே திரும்ப ஒரு வோல்டேஜ் அடி கொடுக்கும், நுனியில் பொறி பறக்கும். எதிர்வீட்டில் இப்படித்தான் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள், அவர்கள் தொட்டி இப்போது நிரம்பி வழிந்துகொண்டிருக்கிறது, சென்சார் மேல்தான் பழி.

நான் வாங்கிய பெட்டி சென்சார் வயருக்கு 12 வோல்ட் நேர்மின்சாரம்தான் அனுப்புகிறது, ரீட் வழியாகப் போவது சில மில்லி ஆம்பியர். இதற்கு முழு மதிப்பெண். இந்த அளவில் ரீடுக்கு வேலையே இல்லை, கோடிக்கணக்கான முறை மூடித் திறந்தாலும் தேயாது, வீட்டுத் தொட்டி ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை நிரம்பும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு லாபம், தொட்டிக்குள் 230 வோல்ட் போகவே இல்லை. கேபிள் முனையில் பந்து மாதிரி தொங்குகிற ஃப்ளோட் ஒன்று மார்க்கெட்டில் இருக்கிறது, பெரும்பாலும் மோட்டார் லைனையே அதற்குள் கொண்டுபோவார்கள், குடிக்கிற தண்ணீர் தொட்டிக்குள் மெயின் லைன் மிதப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அந்த ரப்பர் கேபிள் வெடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் தூக்கம் வராது.

அப்போ இதில் கெட்டுப்போக என்னதான் இருக்கிறது? ரீடைத் தவிர மற்ற எல்லாம். முதல் எதிரி உப்பு. மிதவையின் நடு ஓட்டைக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளி குறைவாக இருந்தால் சுண்ணாம்புப் படிவு அங்கே உட்கார்ந்து மிதவையைப் பிடித்துக்கொள்ளும். வாங்கும்போது மிதவையை விரலால் ஆட்டிப் பாருங்கள், தாராளமாக ஆட வேண்டும். இறுக்கமாக, நேர்த்தியாக இருப்பது இங்கே குறை. படிந்துவிட்டால் மிதவையைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறப்போட்டுத் தேய்த்தால் போய்விடும், குடிநீர்த் தொட்டி என்பதால் பாத்ரூம் ஆசிட் பக்கம் போகாதீர்கள். இரண்டாவது, பழைய ஜி.ஐ. பைப் இருக்கிற வீடுகளில் தண்ணீரோடு வருகிற இரும்புத் துகள். காந்தம் அதை விடுமா? மிதவையைச் சுற்றி மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், கனம் கூடும், ஓட்டையிலும் புகும். துணியால் துடைத்தால் வந்துவிடும், ஆனால் துடைக்க வேண்டும்.

தண்டு செங்குத்தாக நிற்க வேண்டும். இதுபோன்ற மிதவைகளுக்குப் பொதுவாக 30 டிகிரி சாய்வு வரை அனுமதி சொல்வார்கள், உப்புத் தண்ணீரில் அவ்வளவு சலுகை எடுக்காதீர்கள், உரசல் கூடினால் படிவும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். தொட்டி மூடியிலேயே ஓட்டை போட்டு மாட்டச் சொல்கிறார்கள், மூடி ஒழுங்காக உட்காராவிட்டால் தண்டும் சாயும், தொட்டியின் தோளில் மாட்டுவது மேல். தண்ணீர் விழுகிற குழாய்க்கு நேர் கீழே மாட்டாதீர்கள். அலையில் மிதவை துள்ளும், ரிலே படபடவென்று அடிக்கும். என் பெட்டி சில வினாடி பொறுத்திருந்து பார்த்துத்தான் முடிவெடுக்கிறது, அதனால் சமாளிக்கிறது. அந்தத் தாமதம் இல்லாத பெட்டியாக இருந்தால், மேலும் கீழும் ஓட்டை போட்ட பி.வி.சி. குழாய் ஒன்றுக்குள் தண்டை இறக்கிவிடுங்கள், உள்ளே தண்ணீர் மட்டம் அதே அளவுதான் இருக்கும், அலை மட்டும் வராது. மேல் ஓட்டையை மறந்துவிடக் கூடாது, காற்று வெளியேற வழி வேண்டும்.

செட்டோடு வருகிற வயர் கேவலம். தண்டிலிருந்து கை நீளத்துக்கு மூன்று மெல்லிய வயர், அவ்வளவுதான், மிச்சத்தை நாம் ஜாயின்ட் போட்டுக்கொள்ள வேண்டும். ஜாயின்ட் வருகிற இடம் மொட்டைமாடி, வெயிலும் மழையும். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் ஒரு மழைக்காலம் தாங்காது, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, சின்ன ஜங்ஷன் பாக்ஸுக்குள் அடக்கினால் நிம்மதி. வயரை பி.வி.சி. கன்ட்யூட்டில் கொண்டுவந்தால் அணில் தொல்லையும் இல்லை. இதையெல்லாம் சேர்த்தால் செலவு கொஞ்சம் ஏறும், சொல்லிவிடுகிறேன்.

பெட்டியில் ஒரு பைபாஸ் சுவிட்ச் கிடையாது. சென்சார் கோளாறானால் மோட்டாரை நேரடியாகப் போட வழியே இல்லை, பெட்டியைத் திறந்து வயரை மாற்ற வேண்டும், வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கும்போது இது நடந்தால் என்ன செய்வார்கள்? தனியாக ஒரு மாற்று சுவிட்ச் போட்டுக்கொண்டேன். பஸ்ஸர் வேறு தெரு முழுக்கக் கேட்கிறது, அதன் மேல் டேப் ஒட்டிவிட்டேன்.

அல்ட்ராசோனிக் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தண்ணீரைத் தொடாது, சதவிகிதம் காட்டும், போனில் பார்க்கலாம், எல்லாம் சரி. ஆனால் பரவலாகக் கிடைக்கிற மலிவான சென்சார்களுக்கு முகத்திலிருந்து 20-25 சென்டிமீட்டர் வரை கண் தெரியாது, தொட்டி நிரம்புகிற இடமே அந்தக் குருட்டுப் பகுதிக்குள்தான் வரும், உயர்த்தி மாட்டினால்தான் ஆயிற்று. மூடிய தொட்டியில் ஆவி நீர்த்துளியாக அதன் முகத்தில் ஒட்டும், சிலந்தியும் கூடு கட்டும். அளவு தெரிய வேண்டும் என்றால் அது, மோட்டார் நேரத்துக்கு நிற்க வேண்டும் என்றால் மிதவை.

செட்டாக வேண்டாம், உதிரியாக வாங்கி நாமே சேர்க்கலாம் என்கிற கைக்காரர்களுக்குச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்தான். பிளாஸ்டிக் ஒற்றை மிதவைகள் அங்கே சல்லிசாகக் கிடைக்கும். நான் சம்ப்புக்கு ஒரு ஸ்பேர் வாங்கிய கடையில், கேட்காமலேயே மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்து, மிதவையை மேலும் கீழும் தள்ளிக் காட்டினார் கடைக்காரர். எந்தக் கடையிலும் இதைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். பீப் ஒரே இடத்தில் தெளிவாக வர வேண்டும், தெளிவாக நிற்க வேண்டும், விட்டுவிட்டு வந்தால் கீழே விழுந்து கண்ணாடி விரிந்த சரக்காக இருக்கலாம். வெறும் ரீடை வாங்கி நீங்களே தண்டுக்குள் வைப்பதாக இருந்தால் அதன் கம்பிக் காலை வளைக்கும்போது கண்ணாடிக்குப் பக்கத்தில் மூக்குக் குறடால் பிடித்துக்கொண்டு மறுபக்கம் வளையுங்கள், இல்லையென்றால் கண்ணாடி மூட்டு விட்டுவிடும்.

ஸ்டீல் தண்டா பிளாஸ்டிக்கா என்றால், போர் தண்ணீரில் குளோரைடு அதிகம் என்பதால் 316 ரகம் என்று உறுதியாகச் சொன்னால் மட்டும் ஸ்டீல் வாங்குங்கள், 304 நாளடைவில் புள்ளி புள்ளியாக அரிக்கும். வீட்டுக்கு பாலிப்ரொப்பிலீன் போதும். ஆர்டர் கொடுப்பதற்கு முன் தொட்டிக்குள் டேப் விட்டு அளந்துகொள்ளுங்கள், மேல் மிதவை நிற்கிற இடம் ஓவர்ஃப்ளோ குழாய்க்கு நாலு விரல் கீழே வர வேண்டும், ஒரே 1000 லிட்டர் என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி தொட்டியின் உயரம் மாறுகிறது, கடைக்காரர் 'எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்' என்றுதான் சொல்வார்.